ஒரே சட்டியில் கோழி, காய், பழம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தச் சமையலைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரவு ஏழு மணிக்குத் தொலைபேசியில் கேட்பவையும் பெரும்பாலும் இவையே. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. ஒரே சட்டின்னா எல்லாத்தையும் மொத்தமாப் போட்டு மூடி வச்சிர்றதா ஆச்சி?

இல்லை. கோழி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், அன்னாசிப்பழம் ஆகிய நான்கும் வேகும் நேரம் நான்கு வகையாக இருக்கும்போது, அவற்றை ஒரே நேரத்தில் கொட்டி மூடினால் கிழங்கு வெந்து முடிவதற்குள் பழம் கரைந்து காணாமல் போய்விடும். முதலில் கோழி நிறம் மாற வேண்டும், அடுத்து வெங்காயமும் பூண்டும், அடுத்து கிழங்கு, அதன்பின் இளங்காய், கடைசியில் பழம். இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

சட்டியை மாற்றாமல் சமைப்பதால் பாத்திரம் மிச்சம் என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய பலன் சுவையில் இருக்கிறது. கோழி வறுபடும்போது சட்டியின் அடியில் படியும் பழுப்பும், அது விடும் கொழுப்பும் சாறும் வேறெங்கும் போகாமல், பின்னால் வரும் ஒவ்வொரு காயிலும் ஏறுகின்றன.

2. கோழியில பழம் போடுறது நம்ம பக்கத்து வழக்கமே இல்லையே?

அன்னாசிப்பழத்தைக் கோழியோடு சமைப்பது பழைய செட்டிநாட்டு வழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புளிப்பும் இனிப்பும் காரமும் ஒன்றாகச் சேரும் சுவை நமக்குப் புதிதன்று. மாங்காய் மண்டியில் அரிசி கழுவிய நீர், மாங்காயின் புளிப்பு, மிளகாயின் காரம், சிறிது வெல்லம் ஆகியவை சேர்வதை நினைத்துப் பாருங்கள். மீன் குழம்பிலும் கருவாட்டுக் குழம்பிலும் மாங்காய் போடுகிறோம். கறிக்குழம்பில் பலாக்கொட்டையும் கத்திரிக்காயும் சேர்க்கிறோம். கோழிக் குழம்பில் முருங்கைக்காய் போடாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு.

கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்தவர்களின் அடுப்படி இது. வெளியிலிருந்து வந்த பொருளைத் தன் மசாலாவுக்குள் கொண்டுவருவது இந்தச் சமையலுக்குப் பழகிய வேலை. பழத்தை இனிப்புக்காகப் போடுகிறோம் என்று எண்ணாமல், தக்காளியும் புளியும் செய்யும் வேலையைப் பழத்திடம் கொடுக்கிறோம் என்று எண்ணினால் அளவும் சரியாக அமையும்.

3. நாலு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேணும்? எப்படிச் செய்யணும்?

எலும்போடு கூடிய கோழி முக்கால் கிலோ, உரித்த சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், உருளைக்கிழங்கு 200 கிராம், கேரட் 100 கிராம், முருங்கைக்காய் 1, குடைமிளகாய் 1, நறுக்கிய அன்னாசிப்பழம் 150 கிராம், நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, தூள் உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. பொடிக்குக் குண்டு மிளகாய் 8, மல்லி 1 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி. இவற்றைச் சமைக்கப்போகும் சட்டியிலேயே எண்ணெய் இல்லாமல் மணம் வரும்வரை வறுத்து, ஆறவைத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். தாளிக்கப் பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, அன்னாசிப்பூ பாதி, கல்பாசி சிறிது, கறிவேப்பிலை ஒரு கொத்து.

கோழியில் மஞ்சள்தூளையும் பாதி உப்பையும் தடவி அரை மணி நேரம் வையுங்கள். அகலச் சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி பரப்பி, நல்ல தீயில் ஒரு பக்கத்துக்கு 4 நிமிடம் வீதம் சிவக்க விடுங்கள். சிவக்கும் முன் கிளறவே கூடாது. பிறகு துண்டுகளை ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் தாளிப்புப் பொருள்களையும் கறிவேப்பிலையையும் போட்டு, அவை மணத்தவுடன் வெங்காயத்தையும் பூண்டையும் சேர்த்து 4 நிமிடம் வதக்குங்கள்.

இனி உருளைக்கிழங்கு, கேரட், பொடி, மீதி உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிரட்டி, 100 மில்லி நீர் விட்டு, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டு, மூடிச் சிறு தீயில் 15 நிமிடம் வையுங்கள். அதில் 5 நிமிடம் கழிந்ததும் முருங்கைக்காய் போக வேண்டும். கடைசியில் மூடியை எடுத்துவிட்டு, குடைமிளகாயையும் அன்னாசியையும் சேர்த்து, தீயைச் சற்றுக் கூட்டி 6 அல்லது 7 நிமிடம் பிரட்டினால் சாறு வற்றி எண்ணெய் தெளிந்துவிடும். ஊறும் நேரம் போக அடுப்பில் ஆகும் நேரம் 35 நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கும்.

4. இருப்புச் சட்டி நல்லதா, நான்ஸ்டிக் நல்லதா?

எதுவானாலும் அகலம் முக்கியம். மேலே சொன்ன அளவுக்குக் குறுக்கே 28 முதல் 30 சென்டிமீட்டர் உள்ள, அடி கனமான, மூடி பொருந்தும் சட்டி வேண்டும். பழகிய இருப்புச் சட்டி சூட்டைத் தாங்கி நிற்பதால் கோழி அதில் மிக நன்றாகச் சிவக்கும். ஒரே எச்சரிக்கை, பழத்தின் புளிப்பு இரும்போடு நெடுநேரம் இருந்தால் சாறு கறுத்து இரும்பு வாடை ஏறும். சட்டி பழகிப் பழகி ஏறிய எண்ணெய்ப் பூச்சும் போய்விடும். பழம் கடைசி ஏழு நிமிடம் மட்டும் இருப்பதால் சமைப்பதில் தொல்லை இல்லை. சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நான்ஸ்டிக் சட்டியில் ஒட்டாது. ஆனால் அடியில் பழுப்பும் அவ்வளவாகப் படியாது, அதனால் சாற்றின் சுவை ஒரு படி குறையும். அதை வெறுமனே நல்ல தீயில் காயவிடக் கூடாது. எவர்சில்வரில் அடி கனமானது இருந்தால் புளிப்புக்கும் அஞ்ச வேண்டாம், பழுப்பும் படியும். புதிதாக வாங்குவோருக்கு நான் அதையே சொல்கிறேன். மண்சட்டி இந்தச் சமையலுக்கு ஏற்றதன்று. அதில் குழம்பு அருமையாக அமையும், கோழியைச் சிவக்க வைக்கும் வேகமான சூடு கிடைக்காது.

5. பிராய்லரா, நாட்டுக்கோழியா? எந்தத் துண்டை வாங்குறது?

மேலே சொன்ன நேரக் கணக்கு பிராய்லர் கோழிக்கு. தொடையும் காலும் நீண்ட நேரச் சூட்டைத் தாங்கும். நெஞ்சுக்கறி தாங்காது, வறண்டு நார்நாராகும். முழுக்கோழியை வெட்டி வாங்கினால் நெஞ்சுத் துண்டுகளை மட்டும் சற்றுப் பெரிதாக வெட்டச் சொல்லி, சிவந்ததும் ஒரு தட்டில் எடுத்துவைத்து, முருங்கைக்காய் போடும்போது திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாத கறியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றரைக் கரண்டி சாறு சட்டியில் நிற்பதே எலும்பு கொடுக்கும் கொடைதான்.

நாட்டுக்கோழி வயதில் மூத்தது, ஓடியாடி வளர்ந்தது. கறி இறுக்கமாக இருக்கும். சிவந்த பிறகு ஒன்றரைக் குவளை நீர் விட்டு, மூடி, 40 நிமிடமாவது சிறு தீயில் வெந்த பின்னரே கிழங்கைப் போட வேண்டும். முற்றிய சேவலாக இருந்தால் ஒரு மணி நேரமும் ஆகலாம். நேரம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு நாட்டுக்கோழி, வேலை விட்டு வந்த இரவுக்குப் பிராய்லர் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

6. கோழியைக் கழுவக் கூடாதுங்கிறாங்களே, உண்மையா?

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் பச்சைக் கறியில் உள்ள கிருமிகள் நீர்த்துளிகளோடு தொட்டியிலும் மேடையிலும் பக்கத்தில் நறுக்கிவைத்த பழத்தின் மீதும் தெறிக்கும் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். கிருமியைக் கொல்வது சூடுதான், நீரோ மஞ்சளோ அந்த வேலையைச் செய்வதில்லை. கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, அதற்குள்ளேயே துண்டுகளை அலசி, நீரை மெல்லச் சாய்த்து ஊற்றி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கழுவினாலும் கழுவாவிட்டாலும் ஈரத்தை ஒற்றியெடுப்பது கட்டாயம். கோழி சிவக்காமல் போவதற்கு ஈரமே முதற்காரணம். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது, கறி பழுப்பு நிறம் கொள்வதற்கு 140 பாகையை ஒட்டிய சூடு வேண்டும். பழத்தைத் தனிப்பலகையில், கோழிக்கு முன்பே நறுக்கி மூடிவைத்துவிடுங்கள்.

7. அன்னாசி இல்லாட்டி வேற என்ன பழம் போடலாம்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழத்தின் தேர்வில்தான் இந்தச் சமையல் நிமிர்வதும் விழுவதும். சூட்டில் உருவம் குலையாமை, ஓரளவு புளிப்பு, மசாலாவை அமுக்காத மணம் ஆகிய மூன்றும் உள்ள பழம் வேண்டும். அன்னாசி மூன்றிலும் தேறுகிறது. கொல்லிமலையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறது. முழுக்கப் பழுக்காமல், அடியில் மட்டும் மஞ்சள் ஏறிய காயாக எடுங்கள்.

கோடைக்குக் கிளிமூக்கு மாங்காய்க்கு நிகர் இல்லை. தோலோடு விரல் பருமனில் நறுக்கி, கடைசி 5 நிமிடத்தில் போட வேண்டும். புளிப்பு மிகுதி என்பதால் 100 கிராம் போதும், விரும்பினால் நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்க்கலாம். செங்காயாக இருக்கும் மாங்காய், அதாவது பழுக்கத் தொடங்கி உள்ளே மஞ்சள் கோடு ஓடியது, எனக்கு மிகவும் பிடித்தது, வெல்லமே வேண்டாம். நன்கு பழுத்த மாம்பழம் கரைந்து அடிபிடிக்கும். கொடைக்கானலிலிருந்து வரும் நாட்டுப் பேரிக்காய் கடினமானது, வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், ஆனால் புளிப்பு இல்லாததால் இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும். அங்கிருந்தே வரும் பிளம்ஸ் புளிப்பும் இனிப்பும் சேர்ந்தது, இரண்டாகப் பிளந்து கொட்டை எடுத்துப் போட்டால் சாறு செம்மை நிறம் கொள்ளும். மே, ஜூன் மாதங்களில் கிடைத்தால் விடாதீர்கள். ஆப்பிளில் புளிப்பான பச்சை வகை மட்டும் ஏற்றது.

பழுத்த நேந்திரன் உருவம் குலையாது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். மற்ற வாழைப்பழங்கள் குழைந்துவிடும். கம்பம் பன்னீர் திராட்சை சுவையில் பொருந்தினாலும் அதன் விதை பல்லில் கடிபடும், நிறமும் சாற்றைக் கறுக்கடிக்கும். விதையில்லாத பச்சைத் திராட்சை நல்லது. பலாச்சுளையின் மணம் கல்பாசியையும் சோம்பையும் மறைத்துவிடும் என்பதால் வேண்டாம். பலாக்கொட்டையை மட்டும் தனியே எடுத்துத் தோல் நீக்கி, இரண்டாகப் பிளந்து, கிழங்கு போடும் நேரத்துக்கு முன்பே சேர்த்தால் இந்தச் சட்டியில் அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. மாதுளை முத்துக்களை இறக்கியபின் தூவலாம், அடுப்பில் இருக்கும்போது வேண்டாம்.

8. அன்னாசிச் சாறுல ராத்திரியே ஊற வச்சேன், கறி மாவு மாதிரி ஆயிருச்சு. ஏன்?

பச்சை அன்னாசிப்பழத்தில் புரோமலைன் என்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும். பப்பாளிக்காயில் உள்ள பப்பைனும் இதே வேலையைச் செய்வதால்தான் முற்றிய ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுகிறோம். பிராய்லர் கோழி ஏற்கெனவே மென்மையானது. அதை இரவு முழுவதும் அன்னாசிச் சாற்றில் வைத்தால் மேற்பரப்பு முழுவதும் சிதைந்து மாவாகிவிடும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது திரும்பாது.

இந்த நொதிகள் நல்ல சூட்டில் செயலிழந்துவிடும். ஆகவே, கொதிக்கும் சட்டியில் கடைசியில் போடும் அன்னாசியால் கறிக்குத் தீங்கு இல்லை. டின்னில் அடைத்து வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் அதில் இந்த வேலையே நடக்காது. ஆனால் அது சர்க்கரைப் பாகில் கிடப்பது, வடித்துத்தான் சேர்க்க வேண்டும். நாட்டுக்கோழியை மென்மையாக்க வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி பப்பாளிக்காய் விழுது தடவி அரை மணி நேரம் வைத்தால் போதுமானது.

9. கல்பாசியும் மராட்டி மொக்கும் இல்லாம செஞ்சா அது செட்டிநாடா?

மராட்டி மொக்கு இல்லாவிட்டால் குறை தெரியாது; மேலே உள்ள அளவிலேயே அதைச் சேர்க்கவில்லை. கல்பாசி இல்லாவிட்டால் தெரியும். பெயரில் பாசி என்றிருந்தாலும், அது மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் ஒருவகை லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். வெறுமனே முகர்ந்தால் மணம் குறைவு, சூடான எண்ணெயில் பட்டதும்தான் அந்த மண்வாசம் எழும். ஆகவே பொடியில் சேர்த்து அரைக்காமல் தாளிப்பில் போடுங்கள். மணலும் பட்டைத் துணுக்கும் ஒட்டியிருக்கும், பார்த்து எடுக்க வேண்டும்.

சோம்பு, மிளகு, குண்டு மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை இவை இருந்தாலே சுவை நம் பக்கத்தில் வந்து நிற்கும். குண்டு மிளகாய் நமக்கு அடுத்த ராமநாதபுரத்தின் பயிர்; 2023இல் முண்டு மிளகாய் என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தோல் பருமனானது, நிறமும் காரமும் கொடுக்கும். வெளியூரில் கிடைக்காதபோது நீட்டு மிளகாயில் ஐந்து போட்டு மிளகை அரைத் தேக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். அன்னாசிப்பூவைப் பாதிக்கு மேல் போட வேண்டாம். பழத்தின் இனிப்போடு சேர்ந்து மருந்து வாடை அடிக்கும்.

10. சின்ன வெங்காயம் உரிக்க நேரம் இல்லை, பெரிய வெங்காயம் போடலாமா?

போடலாம். எட்டாக வெட்டிப் போடுங்கள், பொடியாக நறுக்க வேண்டாம். சின்ன வெங்காயத்தைச் சற்று நேரம் நீரில் ஊறவைத்தால் தோல் எளிதில் கழன்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தச் சமையலில் முழு வெங்காயம் வாயில் உடைவது தனிச் சுவை.

11. உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் ஆனாலும் வேகவே மாட்டேங்குது. என்ன தப்பு?

பழத்தையோ தக்காளியையோ கிழங்குக்கு முன்பே போட்டிருப்பீர்கள். காயின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பான நீரில் அது எளிதில் கரையாது. புளி ஊற்றிய குழம்பில் பின்னால் போட்ட கத்திரிக்காய் வேகாமல் நிற்பதற்கும் காரணம் இதுதான். முதல் விடையில் சொன்ன வரிசையில் பழம் கடைசியில் வருவதற்கு அது கரைந்துவிடும் என்பது ஒரு காரணம், கிழங்கைத் தடுத்துவிடும் என்பது மற்றொரு காரணம்.

துண்டின் அளவையும் பாருங்கள். உருளைக்கிழங்கை ஓர் அங்குலத் துண்டாகவும் கேரட்டை அதில் பாதிப் பருமனாகவும் நறுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் வேகும். சேனைக்கிழங்கு போட்டால் 5 நிமிடம் கூடுதல். வாழைக்காய் போட்டால் முருங்கைக்காயோடு சேர்த்துப் போடுங்கள்.

12. கடைசியில சட்டி நிறையத் தண்ணி நிக்குது. குழம்பு மாதிரி ஆயிருச்சே?

கோழி நீர் விடும், குடைமிளகாய் விடும், அன்னாசி எல்லாவற்றையும் விட அதிகம் விடும். இவை மூன்றும் விடப்போகும் நீரைக் கணக்கில் வைத்துத்தான் 100 மில்லி மட்டும் ஊற்றச் சொன்னேன். பாதிக் குவளைக்கு மேல் ஊற்றினால் வற்றாது. தவறாத வழி, கிழங்கு வெந்ததும் மூடியைத் திரும்பப் போடாமல் இருப்பது. மூடியில் படியும் ஆவி மீண்டும் சட்டிக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே நீர் நின்றுவிட்டால் கோழியையும் காயையும் ஒரு தட்டுக்கு மாற்றி, சாற்றை மட்டும் நல்ல தீயில் கொதிக்கவிட்டு வற்றவைத்து, திரும்பச் சேர்த்துப் பிரட்டுங்கள். எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டே வற்றவைத்தால் காய் குழைந்துவிடும். சாறு சற்றுக் கெட்டியாகவே வேண்டும் என்போர், வெறும் நீருக்குப் பதிலாக அரிசியை இரண்டாம் முறை கழுவிய நீரை ஊற்றலாம்; மண்டி வைக்கும் அதே முறைதான், அதிலுள்ள மாவுச்சத்து சாற்றைச் சேர்த்துப் பிடிக்கும். தேங்காய் விழுது இங்கே வேண்டாம் என்பது என் கருத்து. அடிபிடிக்கும், பழத்தின் புளிப்பையும் மழுக்கிவிடும்.

13. மசாலா கருகிக் கசக்குது ஆச்சி. தீயைக் குறைச்சுத்தானே வைக்கிறேன்?

பொடியைக் கோழியில் முதலிலேயே தடவிச் சிவக்க வைத்திருந்தால் கருகத்தான் செய்யும். வறுத்து அரைத்த பொடி ஏற்கெனவே பக்குவமானது. காய்ந்த எண்ணெயில் 8 நிமிடம் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவேதான் ஊறவைக்கும்போது மஞ்சளும் உப்பும் மட்டும். பொடி போகும் இடம் கிழங்கோடு, அடுத்த நொடியே நீர். தாளிப்பையும் கோழி சிவந்த பின் போடச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

பழம் போட்டபின் அடிபிடித்தால் அது சர்க்கரை. பழச்சாறு வற்றும் கடைசி இரண்டு நிமிடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கருகியது தெரிந்தால் சுரண்டாமல் மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

14. ரொம்ப இனிப்பாப் போயிருச்சு, இப்ப என்ன செய்யிறது?

சர்க்கரையை எடுக்க முடியாது. அதற்கு எதிரே நிற்பவற்றைக் கூட்டலாம். எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, அப்போதுதான் இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை இந்த வரிசையில், ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்துச் சேருங்கள். மிளகாய்த்தூளை இந்த நேரத்தில் போட்டால் பச்சை வாடை அடிக்கும். அடுத்த முறை பழத்தை நறுக்கியதும் ஒரு துண்டு தின்று பாருங்கள். தனியே தின்ன மிகவும் ருசியாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

15. எலும்புகிட்டச் சிவப்பா இருக்கு. வெந்துச்சா, வேகலையா?

நிறத்தை நம்ப வேண்டாம். இளங்கோழியின் எலும்பு முற்றாதது. அதன் உள்ளிருக்கும் நிறம் கசிந்து, கறி முழுக்க வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்பாகத் தெரியக்கூடும். தடிமனான துண்டின் நடுவில், எலும்பில் படாமல், சமையல் வெப்பமானியைச் செருகினால் 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். அதுவே உறுதியான சோதனை. வெப்பமானி பெரிய விலையும் இல்லை.

அது இல்லாத வீட்டில், தொடையின் மூட்டில் கத்தியால் குத்தினால் வடியும் சாறு தெளிவாக இருக்கிறதா, காலெலும்பைத் திருகினால் கறி எளிதில் விலகுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஐயம் இருந்தால் மூடிபோட்டு இன்னும் 5 நிமிடம் வைக்கலாம். தொடைக்கறிக்கு அதனால் ஒரு குறையும் வராது.

16. வீட்ல ஓவன் இருக்கு, அதுல வச்சிரலாமா?

தாராளமாக. ஓவனை 200 பாகைக்குச் சூடாக்கி, அகலத் தட்டில் கோழி, கிழங்கு, கேரட், வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் எண்ணெயும் பொடியும் உப்பும் சேர்த்துப் பிசிறிப் பரப்பி 30 நிமிடம் வையுங்கள். பிறகு குடைமிளகாயும் பழமும் சேர்த்து இன்னும் 12 முதல் 15 நிமிடம். பொடி இங்கே கருகுவதில்லை, ஏனென்றால் கோழியின் சாறு அதை நனைத்துக்கொண்டே இருக்கும். கல்பாசியையும் பட்டையையும் மட்டும் ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து, தட்டில் உள்ளவற்றின் மேல் ஊற்றிவிட்டு உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணம் எழாது. முருங்கைக்காய் ஓவனில் காய்ந்துபோகும், விட்டுவிடுங்கள்.

17. விருந்தாளி வந்துட்டாங்க, எல்லாத்தையும் ரெண்டு மடங்காப் போட்டாச் சரியா வருமா?

அதே சட்டியில் வராது. துண்டுகள் நெருங்கிக் கிடந்தால் அவை விடும் நீர் ஆவியாகப் போக இடமின்றிக் கோழி அவிந்துவிடும், சிவக்காது. ஆறாம் விடையில் சொன்ன 140 பாகைக் கணக்கு இங்கேயும் பொருந்தும். ஒன்றரைக் கிலோவை இரண்டு தவணையாகச் சிவக்க வைத்து எடுத்துக்கொண்டு, வெங்காயத்துக்குப் பின் எல்லாவற்றையும் பெரிய சட்டியில் சேருங்கள். காய்க்கும் கறிக்கும் பொடிக்கும் இரண்டு மடங்கு சரி; எண்ணெய்க்கும் நீருக்கும் ஒன்றரை மடங்கு போதும், தாளிப்புக்கும் அப்படியே.

18. சக்கரை நோய் இருக்கு, பழம் போட்டதைச் சாப்பிடலாமா?

கணக்கைச் சொல்கிறேன். 100 கிராம் அன்னாசியில் சர்க்கரை சுமார் 10 கிராம். 150 கிராமை நால்வர் பகிர்ந்தால் ஒருவருக்கு 4 கிராமை ஒட்டி வரும். அதே சட்டியில் உள்ள 200 கிராம் உருளைக்கிழங்கிலிருந்து ஒருவருக்கு 8 கிராம் அளவில் மாவுச்சத்து சேர்கிறது. உடன் உண்ணும் சோறு இவ்விரண்டையும் விட மிக அதிகம். ஆகவே பழத்துக்கு அஞ்சிக்கொண்டு சோற்றை இரண்டு முறை வாங்கிக்கொள்வதில் பொருள் இல்லை. கிழங்கை விட்டுவிட்டு அவரைக்காய், பீன்ஸ், காலிஃபிளவர் போட்டுக்கொள்ளலாம். அவற்றை முருங்கைக்காய் போடும் நேரத்தில் சேர்க்க வேண்டும். தனிப்பட்ட அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

19. குழந்தைக்குக் காரம் ஆகாது. தனியாச் சமைக்கணுமா?

தேவையில்லை. பொடியில் மிளகாயை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அரைத்துச் சமைத்து, குழந்தையின் பங்கை எடுத்தபின், இரண்டு குண்டு மிளகாயையும் கறிவேப்பிலையையும் சிறிது எண்ணெயில் கருக்காமல் வறுத்து நொறுக்கி, மீதியில் கலந்துகொள்ளுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும்முன் எலும்புத் துணுக்கும் கிராம்பும் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

20. இதுக்குச் சோறு பொருந்துமா, இடியாப்பமா?

கிழங்கு இருப்பதால் தனியாகவே ஒரு வேளைக்குப் போதும். சேர்த்து உண்ண விரும்பினால் என் தேர்வு இடியாப்பம். சட்டியின் அடியில் உள்ள சாற்றை அது நன்கு உறிஞ்சும். தோசையும் நன்று. சாம்பார், ரசம் வைக்க வேண்டாம், ஒரு கிண்ணம் வெங்காயத் தயிர்ப் பச்சடி போதும்.

21. மிச்சத்தை மறுநாள் வச்சுக்கலாமா? பழம் போட்டதாச்சே, புளிச்சிராதா?

பழத்தால் புளிக்காது, வெளியில் வைத்திருப்பதால்தான் கெடும். நம் ஊர் வெயிலில் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் மொத்தமாக அடைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும், ஆகவே அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி வையுங்கள். நான்காம் விடையில் சொன்னபடி இருப்புச் சட்டியோடு உள்ளே வைக்க வேண்டாம். இரண்டு நாள்களுக்குள் உண்டுவிடுவது நல்லது.

சூடாக்கும்போது உண்ணும் அளவை மட்டும் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். மறுநாள் அன்னாசி மெத்தென்றாகி மசாலாவை முழுக்க உள்வாங்கியிருக்கும். எங்கள் வீட்டில் அந்தத் துண்டுகளுக்குத்தான் போட்டி. கிழங்கு உதிர்ந்துபோயிருந்தால் கோழியை எலும்பு நீக்கிப் பிய்த்து, எல்லாவற்றையும் சேர்த்து மசித்துத் தோசைக்குள் வைத்து மடித்துக் கொடுத்துவிடலாம்.